மொல்சைமிற் பிறந்த இரு கார்கள்

பிரான்சு தேசத்தின் கிழக்கெல்லையில், அல்சாஸ் மாகாணத்திலே, மொல்சைம் என்னும் சிற்றூர் உளது. திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த அவ்வூரின் பெயர் உலகெங்கும் பரவியதற்குக் காரணம் திராட்சையன்று, கார். 1924ஆம் ஆண்டில் அவ்வூர்த் தொழிற்சாலையிலிருந்து ‘புகாற்றி 35’ என்னும் பந்தயக் கார் வெளிவந்தது. தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் கழித்து, 2016இல், அதே ஊரிலிருந்து ‘புகாற்றி ஷிரோன்’ என்னும் கார் வெளிவரத் தொடங்கியது. முன்னையது பழங்கார்களுள் தலையாயது எனப் பலரும் மதிப்பது. பின்னையது இந்நூற்றாண்டின் ஸ்போர்ட்ஸ் கார்களுள் மிக்க வலுவுடையவற்றுள் ஒன்று. பழைய கார், புதிய கார் என்று பொதுவிற் பேசப்புகின் பேச்சுக்கு எல்லையிராது. ஒரே பெயரும் ஒரே ஊரும் உடைய இவ்விரண்டையும் அருகருகே நிறுத்திப் பார்க்கின், மாறியது யாது, மாறாதது யாது என்பது ஓரளவு தெளிவாகும்.

பழங்கார் என்பது பழையன எல்லாவற்றையுங் குறிக்கும் பெயரன்று. இங்கிலாந்தில் 1934இல் தோன்றிய பழங்கார் ஆர்வலர் கழகமொன்று, 1930ஆம் ஆண்டின் இறுதிவரை ஆக்கப்பெற்ற கார்களையே ‘விண்டேஜ்’ என்னும் சொல்லுக்கு உரியனவாகக் கொண்டது. அதன்பின் தொகையாக்கம் பெருகக் கைவினையின் தரம் குன்றியதென்பது அக்கழகத்தாரின் எண்ணம். இவ்வெண்ணம் முற்றிலும் சரியானதென்று கூறுதற்கில்லை. எனினும் புகாற்றி 35ஐ ஒருமுறை திறந்து பார்ப்பவர், அவர்கள் அவ்வாறு கருதியது ஏனென்பதை விளங்கிக்கொள்வர்.

எற்றோரே புகாற்றி 1881இல் இத்தாலியின் மிலான் நகரிற் பிறந்தவர். தந்தையார் கார்லோ தளபாட வடிவமைப்பிற் பெயர்பெற்றவர். தம்பியார் றெம்பிராண்ட் விலங்குருவங்களை வடித்த சிற்பி. இக்கலைக் குடும்பத்திலிருந்து வந்த எற்றோரே, 1909இல் மொல்சைமில் தமது தொழிற்சாலையை நிறுவினார். அக்காலத்தில் அல்சாஸ் செருமானியருக்கு உரியதாயிருந்தது. முதலாம் உலகப் போரின் முடிவில் அது மீண்டும் பிரான்சின் கைக்கு வந்தது. ஆகவே இத்தாலியர் ஒருவர் செருமானிய ஆட்சியில் தொடங்கிய தொழில், பிரான்சின் நீல நிறத்தைத் தாங்கிப் பந்தயங்களிற் பேரெடுத்தது.

புகாற்றி 35இன் இயந்திரம் 1,991 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. எட்டு உருளைகள் ஒரே வரிசையில் நிற்க, அவற்றின் கீழ்ச் சுழலும் மாற்றித்தண்டு ஐந்து இடங்களிற் குண்டுப் போதிகைகளாலும் உருளிப் போதிகைகளாலும் தாங்கப்பெற்றது. இவ்வேற்பாட்டினால் உராய்வு குறைந்து, அவ்வியந்திரம் நிமிடத்திற்கு 6,000 சுற்றுவரை சுழல வல்லதாயிற்று. அக்காலத்துக்கு அது பெருவேகம். முன்னச்சு உட்டுளையுடையதாய் ஆக்கப்பெற்று, விற்றகடுகள் அவ்வச்சினூடாகவே நுழைந்து செல்லுமாறு அமைந்தது. சில்லுகளோ அலுமினியத்தில் வார்க்கப்பெற்றவை. எட்டுத் தட்டையான ஆரைகளையும் பிறேக்குக் கலத்தையும் ஒருசேர வார்த்த வார்ப்பு. சில்லைக் கழற்றினால் பிறேக்குக் கட்டைகள் தாமே வெளிப்படும். பந்தயத்தின் நடுவே ரயர் மாற்றுகையில் பிறேக்கையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம். அழகு வேறு, பயன் வேறு எனப் பிரிக்கவொண்ணாத வேலைப்பாடு அது.

இத்துணைச் சிறப்புடன் 1924 ஓகஸ்ட் மாதம் 3ஆந் திகதி லியோன் நகரத்துக் கிராண்ட் பிறீப் பந்தயத்தில் இறங்கிய ஐந்து புகாற்றிகளும் வெற்றி பெற்றில. ஏழாம் இடமும் எட்டாம் இடமுமே அவற்றுக்குக் கிட்டின. அல்பா றோமியோவில் வந்த கம்பாரி முதலிடம் பெற்றார். குறை இயந்திரத்திலன்று; ரயர்களில். ஓட்டத்தின் வெம்மையிலும் விசையிலும் அவற்றின் மேற்றோல் கழன்று பறந்தது. இச்செய்தியை நினைவில் இருத்திக்கொள்வது நன்று, பின்னர் வேண்டப்படும். மறு ஆண்டு முதலே புகாற்றி 35இன் காலம் தொடங்கியது. சிசிலித் தீவின் மலைப்பாதைப் பந்தயமாகிய தார்கா புளோரியோவில் 1925 முதல் 1929 வரை தொடர்ந்து ஐந்து முறை புகாற்றிகளே வென்றன. 1929இல் மொனாக்கோவில் முதன்முறையாக நிகழ்ந்த கிராண்ட் பிறீயையும் இவ்வினத்து 35பி வகைக் காரே வென்றது.

பிற்கதை துயரமானது. எற்றோரேயின் மைந்தர் ஜீன் 1939இல் காரொன்றைச் சோதித்து ஓட்டுகையில் மாண்டார். தந்தையார் 1947இல் மறைந்தார். தொழில் நலிந்தது, பெயர் கைமாறிற்று. 1998இல் செருமனியின் வொக்ஸ்வாகன் நிறுவனம் அப்பெயரை வாங்கி, 2005இல் ‘வேய்றோன்’ என்னும் காரையும், 2016இல் ஷிரோனையும் வெளியிட்டது. ஷிரோனுக்குப் பெயர் தந்த லூயி ஷிரோன் மொனாக்கோவிற் பிறந்தவர். புகாற்றிப் பந்தயக் கார்களை ஓட்டிப் புகழ்பெற்று, 1931இல் தமது சொந்த ஊர்க் கிராண்ட் பிறீயையும் வென்றவர்.

இனி எண்களை நோக்குவோம். புகாற்றி 35இன் வலு ஏறத்தாழ 90 பரிவலு. ஷிரோனின் வலு 1,500 பரிவலு. அதாவது பதினாறு மடங்குக்கு மேல். இப்பெருக்கத்திற் பாதி கொள்ளளவினால் வந்தது. ஏனெனில் ஷிரோனின் பதினாறு உருளைகளும் சேர்ந்து 7,993 கன சென்ரிமீற்றர், பழையதைப்போல் நான்கு மடங்கு. மற்றை நான்கு மடங்கு வளியினால் வந்தது. பெற்றோலை எவ்வளவு ஊற்றினும், அதனை எரிக்கப் போதிய வளியில்லையேல் பயனில்லை. பழைய இயந்திரம் தன் ஆடுதண்டுகளின் இறக்கத்தால் இயல்பாக உறிஞ்சக்கூடிய வளியையே பெற்றது. ஷிரோனிலோ வெளியேறும் புகையின் விசையினால் நான்கு சுழலிகள் சுழன்று, வளியை அமுக்கி உருளைகளுட் புகுத்துகின்றன. எற்றோரே தொடக்கத்தில் வளியை அமுக்கிப் புகுத்தும் முறையை விரும்பினாரல்லர். ஆயினும் பந்தயத்திற் போட்டியாளர் அதனைக் கைக்கொள்ளவே, 35இன் பின்வந்த வகைகளில் தாமும் ஏற்றுக்கொண்டார்.

வலு பதினாறு மடங்கு பெருகியதாயின் வேகம் எத்தனை மடங்கு பெருகிற்று? புகாற்றி 35 மணிக்கு ஏறத்தாழ 180 கிலோமீற்றர் ஓடும். ஷிரோனின் வேகம் 420 கிலோமீற்றரில் எல்லை கட்டப்பெற்றது. எனவே பெருக்கம் இரண்டே காலுக்குச் சற்று மேல், அவ்வளவே. பதினாறு மடங்கு வலுவும் எங்கே போயிற்று என மாணாக்கர் ஒருவர் வினவுவாராயின், அவ்வினா மிக நல்ல வினாவாகும். விடை வளியிலேயே உள்ளது. வேகம் இரட்டித்தால் வளித்தடை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகின்றது. வலு என்பது தடையை வெல்லும் விசையை வேகத்தாற் பெருக்கிய பெருக்கமாதலின், வேண்டிய வலு எட்டு மடங்காகின்றது. சுருங்கக் கூறின், வலு வேகத்தின் கனத்தைப் பின்பற்றிச் செல்லும். 180இலிருந்து 420க்கு உயர வேண்டின், இக்கணக்கின்படி ஏறத்தாழப் பதின்மூன்று மடங்கு வலு தேவை. எஞ்சியது அகன்ற உடலையும் பருத்த ரயர்களையும் கொண்டு செல்வதற்கும், பல றேடியேற்றர்களினூடாக வளியைச் செலுத்துவதற்கும் செலவாகின்றது. ஆகவே ஷிரோனின் பொறியியலாளர் முன்னையோரினும் பதினாறு மடங்கு திறமையுடையர் என்பதுமில்லை. அவ்வலுவை வீணாக்கினர் என்பதுமில்லை. இயற்கை விதித்த வரியை அவர்கள் செலுத்தினர்.

இவ்வரி இன்னுமொரு வடிவிலும் வாங்கப்படுகின்றது. எரிபொருளிலிருந்து பிறக்கும் சக்தியில் மூன்றிலொரு பங்களவே சில்லுகளைச் சேரும். மீதி வெப்பமாகக் கழியும். பழைய காருக்கு முன்புறத்திற் குதிரை இலாட வடிவினதாய் நின்ற ஒரு றேடியேற்றர் போதும். ஷிரோனுக்குப் பத்து வேண்டியிருந்தன. அதன் திணிவு ஏறத்தாழ 2,000 கிலோகிராம். புகாற்றி 35இன் திணிவோ 750 கிலோகிராம். வலு வேண்டிக் குளிர்ப்பு, குளிர்ப்பு வேண்டிப் பாரம், பாரம் வேண்டி மேலும் வலு என்று ஒன்றையொன்று துரத்தும் இவ்வட்டம், பெருவலுக் கார் ஒவ்வொன்றினதும் மறைவான வரலாறாகும்.

ஓடுங் காரை நிறுத்துவது ஓட்டுவதினும் அரிய செயல். பழைய கார் ஓட்டுநரோடு முழுவேகத்தில் ஓடுகையில் அதனிடத்துள்ள இயக்கச்சக்தி, சிறு குடும்பமொன்றின் சோற்றுப் பானையளவு நீரை, ஏறத்தாழ மூன்றரை லீற்றரை, கொதிக்கவைக்கப் போதுமானது. ஷிரோனிடத்துள்ளதோ 45 லீற்றருக்கு மேற்பட்ட நீரை, கலியாண வீட்டுக் கிடாரமொன்றில் ஊற்றத்தக்க நீரை, கொதிக்கவைக்கும். பிறேக்கை மிதிக்குங்கால் இவ்வெப்பம் முழுவதும் சில விநாடிகளுக்குள் எங்கேனும் சென்று அடங்கவேண்டும். 1924இல் ஓட்டுநரின் காலே அதற்குரிய விசை. மிதிகட்டையிலிருந்து கம்பிவடங்கள் நான்கு சில்லுகளுக்கும் ஓடின. ஷிரோனிற் காபன் சேர்ந்த மட்பாண்டத் தட்டுகள், முன்னே 420 மில்லிமீற்றர் விட்டமுடையவை, அவ்வெப்பத்தைத் தாங்குகின்றன. பின்புறத்துச் சிறகொன்றும் நிமிர்ந்து வளியை எதிர்த்து நின்று துணைசெய்கின்றது. 2017இல் நிகழ்ந்த சோதனையொன்றில் ஷிரோன் நிலையிலிருந்து மணிக்கு 400 கிலோமீற்றரை எட்டி, மீண்டும் நிலைக்கு வர எடுத்த நேரம் 42 விநாடிக்கும் உட்பட்டது. வேகத்தின் பெருக்கத்தைவிட நிறுத்தத்தின் பெருக்கமே வியக்கத்தக்கதென்பர் இத்துறை அறிந்தோர், அது பொருந்தும்.

இவையெல்லாம் இயந்திரத்தின் பக்கம். மனிதரின் பக்கத்தில் நிகழ்ந்த மாற்றம் இதனினும் பெரிது. புகாற்றி 35ஐ ஓட்டுபவருக்கு ஓய்ந்த கை என ஒன்றில்லை. பெற்றோற் கலத்தில் அமுக்கம் குறையாவண்ணம் கையாற் காற்றடிக்கவேண்டும். தீப்பொறி முந்துவதா பிந்துவதா என்பதைத் தாமே நெம்புகோலால் நிருணயிக்கவேண்டும். கியர்க்கோல் உடலுக்கு வெளியே வலப்புறம் நின்றது. கியரை இறக்குவதாயின் கிளச்சை ஒருமுறை மிதித்து, விட்டு, இயந்திரத்தைச் சற்று முடுக்கி, மீண்டும் மிதித்துச் செலுத்தவேண்டும். செவியால் இயந்திரத்தின் சுற்றை அளந்தறியாதவர் பற்சில்லுகளை அரைத்தே தீர்ப்பர். 1924வரை கிராண்ட் பிறீப் பந்தயங்களில் ஓட்டுநரோடு பொறிவினைஞர் ஒருவரும் உடன் செல்வது வழக்கம். 1925இல் அவ்வழக்கம் விலக்கப்படவே, இருவரின் வேலை ஒருவரின் தலையில் வந்து பொறுத்தது.

இவ்வோட்டுதல் எத்தகையது என்பதற்குச் செக்கோசிலொவாக்கியாவிலிருந்து வந்த எலிஷ்கா யுன்கோவா என்னும் பெண்மணி சான்றாவார். 1928இல் தார்கா புளோரியோவில் அவர் 35பி காரில் இறங்கினார். சுற்றொன்று 108 கிலோமீற்றர், ஐந்து சுற்று, மலைச்சரிவில் எண்ணிறந்த வளைவுகள். முன்னதாகவே சிசிலிக்குச் சென்று, பாதையைக் கண்ணாற் கண்டு, சிலவிடங்களிற் காலால் நடந்து, எந்த வளைவுக்கு எந்தப் பாறை அடையாளம், எந்த மதிலுக்கு அப்பால் எந்தப் பள்ளம் என மனத்திற் பதித்துக்கொண்டார். பேர்பெற்ற ஆடவர் பலரோடு போட்டியிட்டு, இரண்டாஞ் சுற்றில் முன்னணிக்கும் வந்து, இறுதியில் ஐந்தாம் இடத்தைப் பெற்றார். உடல் வலியினர் மட்டுமே இக்கார்களை ஆளவியலும் என்றிருந்தோர் கருத்து அன்று அசைந்தது. ஷிரோனில் இத்தகைய நினைவின் பெரும்பகுதி கணினிகளிடம் சென்றுவிட்டது. சில்லு வழுக்குவதை ஓட்டுநர் உணருமுன் கருவி உணர்கின்றது; இரட்டைக் கிளச்சு அடுத்த கியரை முன்கூட்டியே ஆயத்தஞ் செய்து வைக்கின்றது; நான்கு சில்லுகளுக்கும் வலு வேண்டியவாறு பகிரப்படுகின்றது. 380 கிலோமீற்றருக்கு மேற் செல்ல விரும்புபவர் தனித் திறவுகோலொன்றை இடவேண்டும். அதன்பின் கார் தன்னைத் தானே சோதித்துத் தாழ்ந்து நின்றே இசைவு தரும்.

இதனைக் கேட்டு, அக்காலத்துத் திறமை அழிந்ததே என வருந்துவோர் உளர். அவர்கள் 1928 யூலை மாதத்தையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். தார்கா புளோரியோ முடிந்து இரண்டே மாதங்களில், செருமனியின் நூர்பேர்க்ரிங் பந்தயப் பாதையில், யுன்கோவாவின் கணவர் புகாற்றி கவிழ்ந்து உயிரிழந்தார். அம்மையார் அத்துடன் பந்தயத்தைத் துறந்தார். இருக்கைப் பட்டியில்லை, தலைக்கு மேற் கூரையில்லை, பெரும்பாலார் துணித் தொப்பியே அணிந்தனர். திறமையொன்றே கவசமாயிருந்த காலத்தில், திறமையுடையவரும் ஒருமுறை தவறினால் மறுமுறை இல்லை. ஷிரோனின் காபன் நாரினாலான கூடும், காற்றுப்பைகளும், வழுக்கலைத் தடுக்கும் கருவிகளும் ஓட்டுநரின் பெருமையைக் குறைத்தன என்பது உண்மை. அதற்கு ஈடாக அவர் வீடு திரும்புகின்றார்.

ஆயினும் பழங்காருக்கு ஓர் உரிமை எஞ்சியுள்ளது. அது திருத்தப்படும் உரிமை. அதன் உறுப்புக்கள் கண்ணுக்குத் தெரிவன, கைக்கு எட்டுவன, வரைபடமும் கடைசலும் வார்ப்பும் அறிந்தவர் மீண்டும் ஆக்கவல்லன. ஆர்ஜென்ரீனாவின் பரானா நகரத்துப் பட்டறையொன்றில் புகாற்றி 35ஐ அடியிலிருந்து புதிதாகவே கையாற் செய்கின்றனர். இவ்வுண்மையை ஐரோப்பியர் வாயிலாக அறியவேண்டிய தேவை யாழ்ப்பாணத்தார்க்கில்லை. 1990களில் பெற்றோல் கிடைத்தற்கரிதாயிருந்த காலத்தில், ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய கார்கள் சிறிதளவு பெற்றோலால் முடுக்கப்பெற்று, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடின. அவை புகாற்றியோடு ஒருங்கு வைத்தெண்ணத்தக்க விரைவுக் கார்களல்ல; காலத்தாலும் பிந்தியவை. எனினும் காபுறேற்றரும் தாழ்ந்த அமுக்க விகிதமும் உடைய பழைய முறை இயந்திரங்களாதலின், கிடைத்ததை உண்டு உழைத்தன. குறித்த தரத்து எரிபொருளன்றிப் பிறிதொன்றை ஏலாத ஷிரோனிடம் இப்பொறுமையை எதிர்பார்த்தல் இயலாது. அதன் கணினி ஒன்று பழுதுறின், அதே கணினியும் அதற்குரிய கட்டளைத் தொகுதியும் வந்தாலன்றிக் கம்மாலையாற் செய்யத்தக்கது யாதுமில்லை. நூறாண்டு கழித்தும் புகாற்றி 35 ஓடுகின்றது. ஷிரோனை 2116இல் யார் எழுப்பி ஓட்டுவர் என்பதே அதனை வாங்கியோர் முன்னுள்ள வினா.

இனி ரயருக்கு வருவோம். 35இன் ரயர் 710 மில்லிமீற்றர் விட்டமும் 90 மில்லிமீற்றர் அகலமும் உடையது. ஷிரோனின் பின்புற ரயர் 355 மில்லிமீற்றர் அகலமுடையது. ஆனால் அதன் விட்டத்தைக் கணக்கிட்டால் அதுவும் ஏறத்தாழ 710 மில்லிமீற்றரே வருகின்றது. நூற்றாண்டுக் காலத்தில் அகலம் நான்கு மடங்காகியும் விட்டம் இருந்தபடியே இருப்பது ஒரு வேடிக்கை. இவ்வொற்றுமையால் ஒப்பீடு எளிதாகின்றது. மணிக்கு 180 கிலோமீற்றரில் ரயரின் மேற்றோலிலுள்ள ஒரு கிராம் இறப்பர், சுழற்சியின் விசையினால், ஏறத்தாழ 700 கிராம் பாரமுடையது போல் வெளிநோக்கி இழுக்கும். 420இல் அதே ஒரு கிராம் நான்கு கிலோகிராமளவு இழுக்கும். லியோனில் மேற்றோல் பறந்ததன் காரணமும் இதுவே. ஷிரோனின் வேகத்துக்கு எல்லை கட்டப்பெற்றதன் காரணங்களுள் முதன்மையானதும் இதுவே. இயந்திரம் இன்னும் ஓட இசைந்தாலும் இறப்பர் இசைவதில்லை.

2019 ஓகஸ்ட்டில் செருமனியிலுள்ள ஏரா-லெசியன் சோதனைப் பாதையில், நீட்டித் திருத்தியமைக்கப்பெற்ற ஷிரோன் ஒன்று எல்லைக்கட்டு நீக்கப்பெற்று மணிக்கு 490.484 கிலோமீற்றரை எட்டியது. அவ்வேகத்தில் சில்லுகள் விநாடிக்கு அறுபது முறைக்கு மேற் சுழன்றன. ஒரு கிராம் இறப்பர் ஐந்து கிலோகிராமுக்கு மேற்பட்ட விசையுடன் இழுத்தது. அந்த ஓட்டத்துக்கென ரயர்கள் உள்ளே வலுவூட்டப்பெற்றிருந்தன. சில்லிற் பூட்டுமுன் அவை ஒவ்வொன்றையும் எக்ஸ் கதிரின் முன் வைத்து, உள்ளே ஓடும் இழைகளில் ஒன்றேனும் மற்றொன்றைத் தொட்டுக்கொண்டிருக்கின்றதா எனப் பார்த்தனர்.